நானூறு கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

இரண்டு சிறிய விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்து, இடையே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று இணையத்தில் தேடினால் விடை நொடியில் வந்துவிடும். ஆனால் ஒரே விடை வராது. தூரக் கணிப்பான் ஒன்று 400 கி.மீ., ஒரு மணி நேரம் என்கிறது. டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று அச்சாகியிருக்கிறது. விமானங்களின் நகர்வை நேரலையில் காட்டும் செயலியைத் திறந்தால், நேற்று அதே விமானம் 440 கி.மீ. பறந்ததாகவும் அதற்கு ஏறத்தாழ 60 நிமிடம் ஆனதாகவும் காட்டுகிறது. எதை நம்புவது என்று குழம்புகிறவர்களுக்குக் கிடைக்கும் பதில் கொஞ்சம் எரிச்சலூட்டக்கூடியது: மூன்றுமே சரியாக இருக்கலாம். ஒவ்வொன்றும் அளப்பது வேறு.

நெடுந்தூரப் பயணத்தில் இந்த வேறுபாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. பத்து மணி நேரப் பயணத்தில் கால் மணி நேரம் கரைந்துபோகும். ஒரு மணி நேரப் பயணத்தில் அதே கால் மணி நேரம் நான்கில் ஒரு பங்கு. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்ற பள்ளிக்கூடக் கணக்கு குறுந்தடங்களில் பொய்த்துப்போவது இதனால்தான். சிறிய விமான நிலையங்களுக்கு இடையே, பயண நேரத்தைத் தீர்மானிப்பதில் தூரத்துக்கு உள்ள பங்கு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

தூரம் என்றால் எந்தத் தூரம்?

மூன்று வகைத் தூரங்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

1. பெருவட்டத் தூரம். பூமியின் மையத்தின் வழியாகச் செல்லும் தளம் ஒன்று பூமியின் மேற்பரப்பை வெட்டும்போது கிடைக்கும் வட்டம் பெருவட்டம். மேற்பரப்பில் உள்ள இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி அந்த வட்டத்தின் வில்தான். கணிப்பான்கள் தருவது இதைத்தான். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி அதிகாரபூர்வமான ஆதாரப் புள்ளி ஒன்று உண்டு. அளவு அங்கிருந்து தொடங்குகிறது.

2. திட்டத் தூரம். விமானம் புறப்படுவதற்கு முன் தயாரிக்கப்படும் பயணத் திட்டத்தில் உள்ள வழியின் நீளம். விமானங்கள் வானில் வரையறுக்கப்பட்ட வழிப்புள்ளிகளைத் தொட்டுச் செல்கின்றன. ராணுவ வான்வெளி, ஏவுதளம், மலைத்தொடர் போன்றவற்றைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியும் வரும்.

3. பறந்த தூரம். அன்றைக்கு உண்மையில் பறந்து தீர்த்தது. இடிமேகத்தைச் சுற்றியது, இறங்க வரிசையில் நின்று வட்டமடித்தது எல்லாம் இதில் அடங்கும்.

பெருவட்டம் என்றதும் உலக வரைபடத்தில் துருவப் பகுதியை நோக்கி வளைந்து போகும் கோடு நினைவுக்கு வரும். குறுந்தடத்தில் அந்தக் கவலையே வேண்டாம். நடு அட்சரேகைப் பகுதியில் கிழக்கு மேற்காக 400 கி.மீ. போனால், திசைமாறாமல் போகும் வழிக்கும் பெருவட்ட வழிக்கும் உள்ள வேறுபாடு நூறு மீட்டரைக்கூட எட்டாது. பூமி சரியான உருண்டை அல்ல என்பதால் வரும் வேறுபாடு இதைவிடப் பெரிது. நிலநடுக்கோட்டில் பூமியின் ஆரம் சுமார் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. முழு உருண்டை என்று வைத்துக்கொண்டு கணக்கிடும் இணையதளத்துக்கும், தட்டையான உருண்டையாகவே எடுத்துக்கொண்டு 1975இல் புவி அளவை அறிஞர் வின்சென்டி வெளியிட்ட முறையைப் பின்பற்றும் இணையதளத்துக்கும் இடையே அரை சதவிகிதம் வரை மாறுபாடு வரலாம். 400 கி.மீ.க்கு இது 2 கி.மீ. இரண்டு தளங்கள் 398, 400 என்று காட்டினால் அதற்காகச் சண்டை போடவேண்டியதில்லை.

சண்டை போடவேண்டிய பிழைகள் வேறு. முதலாவது, மைல். வான்பயணத்தில் புழங்குவது கடல் மைல், அது 1.852 கி.மீ. சாலை மைல் 1.609 கி.மீ. நம்முடைய 400 கி.மீ. தடம் 216 கடல் மைல். விமானி ஒருவர் "216 மைல்" என்று சொன்னதைச் சாலை மைலாக எடுத்துக்கொண்டு கிலோமீட்டராக மாற்றினால் 348 கி.மீ. என்றுதான் வரும். 52 கி.மீ. காணாமல் போய்விடுகிறது.

இரண்டாவது, ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்லும் பாகையும் (டிகிரி) கலையும் (மினிட்). ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே 9 பாகை 50 கலை என்பது 9.83 பாகை. அதை 9.50 என்று கணிப்பானில் தட்டினால் ஊர் 37 கி.மீ. நகர்ந்துவிடும், வட தென் திசையில் ஒரு பாகை சுமார் 111 கி.மீ. அல்லவா? ஊர்ப்பெயரை நம்புவதும் ஆபத்துதான். பர்மிங்காம் இங்கிலாந்திலும் இருக்கிறது, அமெரிக்காவின் அலபாமாவிலும் இருக்கிறது. முன்னதன் மூன்றெழுத்துக் குறி பிஎச்எக்ஸ், பின்னது பிஎச்எம். கணிப்பான் பல்லாயிரம் கி.மீ. காட்டினால் முதலில் குறியைச் சரிபாருங்கள்.

வந்து சேர்ந்த நேரம்: ஒரு வழக்கு

தூரத்தைவிட நேரத்தில்தான் குழப்பம் அதிகம். வானில் இருந்த நேரம் என்பது சக்கரங்கள் தரையைவிட்டு எழுந்தது முதல் மீண்டும் தரையைத் தொட்டது வரை. பிளாக் நேரம் என்பது நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கியது முதல், போய்ச் சேரும் இடத்தில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது வரை. டிக்கெட்டிலும் கால அட்டவணையிலும் இருப்பது பிளாக் நேரம். நேரலைச் செயலிகள் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது வானில் இருந்த நேரம். குறுந்தடத்தில் இந்த இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு நிமிடம் இடைவெளி இருப்பது சர்வசாதாரணம்.

இந்த இடைவெளி வெறும் சொல்விளையாட்டு இல்லை என்பதற்கு ஐரோப்பிய நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு ஒன்று சான்று. 2012இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து ஜெர்மனியின் கொலோன்/பான் விமான நிலையத்துக்கு ஒரு விமானம் தாமதமாகப் போனது. பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 545 கி.மீ. பிற்பகல் 2.40க்கு வந்திருக்க வேண்டும். சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டது 5.38க்கு. நிறுத்துமிடத்தில் நின்றது 5.43க்கு. ஐரோப்பிய விதிகளின்படி மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், 1,500 கி.மீ. வரையிலான தடங்களில் 250 யூரோ இழப்பீடு கோரலாம். தரையைத் தொட்ட நேரத்தை எடுத்தால் தாமதம் 2 மணி 58 நிமிடம். நின்ற நேரத்தை எடுத்தால் 3 மணி 3 நிமிடம். இழப்பீடு உண்டா இல்லையா என்பது இந்த ஐந்து நிமிடத்தில் தொங்கியது.

2014இல் வந்த தீர்ப்பு இரண்டையும் ஏற்கவில்லை. விமானத்தின் கதவுகளில் ஒன்றாவது திறந்து, பயணிகள் வெளியேறலாம் என்ற நிலை வரும் நேரமே வந்து சேர்ந்த நேரம் என்றது. மூடிய கதவுக்குள் இருக்கும்வரை பயணி தன் வேலையைப் பார்க்க முடியாது. ஆகவே பயணம் முடியவில்லை. என் கருத்தில் இதைவிட நேர்மையான வரையறை இல்லை. கூடவே ஒன்றைக் கவனிக்கலாம்: அதே விதிகள் தூரத்தை மட்டும் பெருவட்ட முறையில் அளக்கச் சொல்கின்றன. பறந்த தூரம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு தடத்தைப் பிரித்துப் பார்ப்போம்

நேரம் எங்கே போகிறது என்பதை எண்களில் பார்த்தால்தான் புரியும். கற்பனைத் தடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெருவட்டத் தூரம் 400 கி.மீ., பறக்கும் தூரம் 440 கி.மீ., காற்று இல்லை, இரு முனையிலும் சிறிய விமான நிலையம். விமானம், இத்தகைய தடங்களில் வழக்கமாகப் பறக்கும் டர்போபிராப்: டர்பைன் எஞ்சின் கொண்டு விசிறியைச் சுழற்றுவது. ஏடிஆர் 72 இந்த வகையில் உலகெங்கும் பறப்பது. அதன் சம உயர வேகத்தைச் சுமார் 500 கி.மீ. என்று கொள்ளலாம்.

1. நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதைக்குப் போய், எழும்பும் வரை: 8 நிமிடம். கடந்த தூரம் கிட்டத்தட்ட பூஜ்யம்.

2. 18,000 அடிக்கு ஏறுதல்: 15 நிமிடம், 95 கி.மீ. ஏறும்போது வேகம் குறைவு.

3. சம உயரத்தில் பறத்தல்: 245 கி.மீ., சுமார் 29½ நிமிடம்.

4. இறங்குதல்: 15 நிமிடம், 100 கி.மீ. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் கைக்கணக்கு. 18,000 அடிக்கு 54 கடல் மைல், அதாவது 100 கி.மீ.

5. ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடம் வரை: 4 நிமிடம்.

மொத்தம் 71½ நிமிடம். இதில் முழு வேகத்தில் பறந்தது 29½ நிமிடம்தான், பாதிகூட இல்லை. 400 கி.மீ.யை 71½ நிமிடத்தால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 336 கி.மீ.

இதே தடத்தில் ஜெட் விமானத்தை விட்டால் என்ன ஆகும்? அதன் வேகம் மணிக்கு 800 கி.மீ. என்று வைப்போம். 26,000 அடிக்கு ஏற 13 நிமிடத்தில் 120 கி.மீ. கடந்துவிடும். இறங்க 78 கடல் மைல், அதாவது 144 கி.மீ., 17 நிமிடம். நடுவில் மிஞ்சுவது 176 கி.மீ., 13 நிமிடம். தரையில் ஆகும் 12 நிமிடத்தையும் சேர்த்தால் 55 நிமிடம், சராசரி 436 கி.மீ. வேகம் அறுபது சதவிகிதம் கூடுதல். ஆனால் பயணி உணரும் சராசரியில் கூடுதல் முப்பது சதவிகிதம் மட்டுமே. மிச்சமாவது 16½ நிமிடம். போதாததற்கு, 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி பல நாடுகளில் உண்டு. ஜெட்டுக்கு அது கடிவாளம்; டர்போபிராப் அந்த உயரத்தில் எப்படியும் அந்த வேகத்தை ஒட்டியோ குறைவாகவோதான் போகிறது. தடம் 150 கி.மீ.யாகச் சுருங்கினால் ஜெட்டின் முன்னிலை சில நிமிடங்களாகிவிடும். ஆக, குறுந்தடத்தில் டர்போபிராப்பைக் கண்டு பழைய விமானம் என்று முகம் சுளிப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. தூரத்தைப் பாதியாக்கி 200 கி.மீ. ஆக்கினால் நேரம் பாதியாகாது. குறைவது சம உயரத்தில் பறக்கும் 200 கி.மீ.க்கான 24 நிமிடம்தான். 71½ நிமிடப் பயணம் 47½ நிமிடம் ஆகிறது. தூரம் பாதி; நேரத்தில் மிச்சம் மூன்றில் ஒரு பங்கு.

தூரக் கணிப்பான்கள் பலவற்றில் இருக்கும் சூத்திரம் எளிது: தூரத்தை 800 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்டு. நம் தடத்துக்கு 30 + 30 = 60 நிமிடம். டர்போபிராப்புக்கு இது பொருந்தாது என்பதைப் பார்த்துவிட்டோம். 500ஆல் வகுத்து 25 நிமிடம் கூட்டினால் டிக்கெட்டை நெருங்கலாம். ஆனால் எந்தச் சூத்திரமும் ஓரத்தில் உடையும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு இடையே 1967 முதல் விமானம் ஓடுகிறது. தூரம் 2.7 கி.மீ. அட்டவணையில் போட்டிருப்பது 2 நிமிடம். காற்று வாட்டமாக இருந்த ஒரு நாள் 53 விநாடியில் போய்ச் சேர்ந்தது சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. கணிப்பானைக் கேட்டால் அரை மணி நேரம் என்கும்.

காற்று சரிக்குச் சரி ஆகாது

விமானத்தின் வேகம் அதைச் சூழ்ந்த காற்றை வைத்து அளக்கப்படுகிறது. பயணிக்கு வேண்டியது தரையை வைத்து அளக்கும் வேகம். காற்று பின்னாலிருந்து வீசினால் இரண்டும் கூடும். எதிரே வீசினால் கழியும். போகும்போது பின்காற்று கொடுப்பதை வரும்போது எதிர்க்காற்று எடுத்துக்கொள்ளும், மொத்தத்தில் ஒன்றுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை.

500 கி.மீ. வேக விமானம், 400 கி.மீ. தூரம். காற்றே இல்லாவிட்டால் போக 48, வர 48, மொத்தம் 96 நிமிடம். 100 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், பின்காற்றோடு போக 400/600, அதாவது 40 நிமிடம். எதிர்த்து வர 400/400, 60 நிமிடம். மொத்தம் 100. லாபம் 8 நிமிடம், நட்டம் 12 நிமிடம். எதிர்க்காற்று தரும் தொல்லையை விமானம் அதிக நேரம் அனுபவிக்கிறது. பின்காற்றின் உதவி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. குறுக்காக வீசும் காற்றும் இலவசமல்ல: வழிமாறாமல் இருக்க மூக்கைச் சற்றே காற்றுப் பக்கம் திருப்பிப் பறக்கவேண்டும், அதில் முன்னேறும் வேகம் கொஞ்சம் போகும்.

2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது நினைவிருக்கலாம். அது உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டத்தின் கொடை. டர்போபிராப்புகள் அந்த உயரத்துக்குப் போவதில்லை. ஏடிஆர் 72 ஏறக்கூடிய உச்சம் 25,000 அடி. ஆகவே அவை சந்திக்கும் காற்று பொதுவாக மிதமானது. ஆனால் மெதுவான விமானத்துக்குச் சிறு காற்றும் பெரிது. 50 கி.மீ. எதிர்க்காற்று 500 கி.மீ. வேக விமானத்திடமிருந்து பத்து சதவிகிதத்தைப் பிடுங்குகிறது, 800 கி.மீ. வேக விமானத்திடமிருந்து ஆறு சதவிகிதத்தை. ஒரே தடத்தில் போக ஒரு நேரம், வர வேறு நேரம் என்று அட்டவணை காட்டினால் அச்சுப்பிழை என்று எண்ணவேண்டாம்.

சிறிய விமான நிலையத்துக்கே உரிய தாமதங்கள்

ஓடுபாதையின் முனையில் எழுதியிருக்கும் எண், அது நோக்கும் காந்தத் திசையின் பாகையைப் பத்தால் வகுத்தது. கிழக்கு நோக்கினால் 09, அதே ஓடுபாதையை மறுமுனையிலிருந்து பார்த்தால் மேற்கு, 27. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மேற்கிலிருந்து வரும் விமானம் கிழக்குக் காற்றுள்ள நாளில் நேரே வந்து 09இல் இறங்கிவிடும். மேற்குக் காற்றானால் விமான நிலையத்தைக் கடந்து போய், திரும்பி, 27இல் இறங்கவேண்டும். இதற்கு 25, 30 கி.மீ. கூடும், நேரத்தில் ஐந்தாறு நிமிடம். ஜன்னல் வழியே ஓடுபாதை தெரிந்தும் விமானம் அதைத் தாண்டிப் போவதைக் கண்டு திகைப்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இதுதான். கருவி வழிகாட்டலோடு இறங்கும் வசதி ஒரே முனையில் மட்டும் இருந்து, பார்வைத் தெளிவும் குறைவாக இருந்தால், காற்று எந்தப் பக்கம் வீசினாலும் விமானியின் தெரிவு சுருங்கிவிடும்.

பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதைக்கு இணையாக இன்னொரு பாதை இருக்கும். இறங்கிய விமானம் அதில் ஒதுங்கிவிடும். சிறிய நிலையங்கள் பலவற்றில் அது கிடையாது. விமானம் ஓடுபாதையின் கடைசிவரை ஓடி, அங்கேயே திரும்பி, வந்த வழியே ஊர்ந்து வரவேண்டும். 2,000 மீட்டரை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கடக்க 4 நிமிடம். அந்த 4 நிமிடமும் ஓடுபாதை அடைபட்டிருக்கும். புறப்படத் தயாராக நிற்கும் விமானம் தரையில் காத்திருக்கும். இறங்க வரும் அடுத்த விமானம் வானில் வட்டமடிக்கும். ரேடார் இல்லாத இடங்களில் விமானங்களுக்கு இடையே விடவேண்டிய இடைவெளியும் அதிகம். நாளுக்கு நான்கே விமானம் வரும் நிலையத்தில் என்ன நெரிசல் என்று கேட்கலாம். அந்த நான்கில் இரண்டு ஒரே நேரத்தில் வந்தால் போதும்.

மலை இருந்தால் கதை இன்னும் மாறும். நேபாளத்தின் லுக்லா விமான நிலையம் சுமார் 2,845 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர், அதுவும் சரிவில். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. மேல்நோக்கி இறங்கி, கீழ்நோக்கித்தான் எழவேண்டும். காற்று எப்படி இருந்தாலும் இதில் மாற்றமில்லை. காத்மாண்டுவிலிருந்து தூரம் சுமார் 135 கி.மீ., பறக்க அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். மலையேறிகள் குவியும் பருவத்தில் காத்மாண்டு விமான நிலையத்தின் நெரிசலைத் தவிர்க்க ராமேச்சாப் என்ற சிறு நிலையத்திலிருந்து விமானங்களை விடுகிறார்கள். அங்கிருந்து பறக்கும் நேரம் இருபது நிமிடமாகக் குறைகிறது. ஆனால் காத்மாண்டுவிலிருந்து ராமேச்சாப்புக்குச் சாலையில் நான்கைந்து மணி நேரம். பறக்கும் நேரம் குறைந்து பயண நேரம் கூடியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

கடிகாரம் காட்டும் வித்தை

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி. சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. ஒரே நேர மண்டலத்துக்குள் இது சிக்கலில்லை. எல்லை தாண்டினால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பயண நேரம் காணக்கூடாது.

பசிபிக்கில் சமோவா நாட்டின் ஆபியாவுக்கும் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கும் இடையே தூரம் நூறு கிலோமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். சிறிய விமானம் அரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டிய நேரத்தில் போய்விடும். ஆனால் 2011 டிசம்பர் 30ஆம் தேதியைக் காலண்டரிலிருந்தே நீக்கிவிட்டு சமோவா சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவியது. இன்று இரண்டுக்கும் இடையே 24 மணி நேர வேறுபாடு. ஆபியாவில் செவ்வாய் காலை 10 மணிக்கு ஏறினால் பாகோ பாகோவில் இறங்கும்போது திங்கள் காலை பத்தரை. டிக்கெட்டைப் பார்த்துக் கழித்தால் பயண நேரம் கழித்தல் இருபத்து மூன்றரை மணி நேரம்!

அட்டவணையில் ஒளிந்திருக்கும் நிமிடங்கள்

நம் கற்பனைத் தடத்தில் கணக்கு 71½ நிமிடம், டிக்கெட்டில் 75. அந்த மூன்றரை நிமிடம் வேண்டுமென்றே சேர்த்தது. விமான நிறுவனங்கள் கடந்த பருவங்களின் பிளாக் நேரங்களை வரிசைப்படுத்தி, பெரும்பாலான நாள்களில் தவறாமல் போய்ச் சேரக்கூடிய அளவை அட்டவணையில் போடுகின்றன. அமெரிக்காவில் குறித்த நேரத்துக்குப் பின் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது சரியான நேரத்தில் வந்ததாகவே கணக்கு. அட்டவணையைக் கொஞ்சம் நீட்டினால் நேரந்தவறாமைப் பட்டியலில் பெயர் மேலே போகும். விமானத்துக்குள் "குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்ற அறிவிப்பைக் கேட்டு மகிழ்வதற்கு முன் இதையும் நினைவில் வைக்கலாம்.

நிறுவனங்களுக்கும் இதில் நியாயம் இருக்கிறது. குறுந்தடத்தில் ஒரே விமானம் காலை முதல் இரவு வரை ஆறு, எட்டு முறை பறக்கும். காலையில் பட்ட பத்து நிமிடத் தாமதம் அடுத்தடுத்த பயணங்களுக்குத் தொற்றி, இரவில் முக்கால் மணி நேரமாக வளர்ந்து நிற்கும். சேர்த்து வைத்த நிமிடங்கள் அந்தத் தொற்றைத் தடுக்கின்றன. தாமதத்தைத் தவிர்க்க நினைப்பவர்கள் நாளின் முதல் விமானத்தைப் பிடிப்பது இதனால்தான் புத்திசாலித்தனம்.

பறப்பதா, சாலையில் போவதா?

விமானத்தின் நிலையான நேரச் செலவு, அதாவது தூரம் எவ்வளவானாலும் மாறாத பகுதி, பெரிது. வீட்டிலிருந்து விமான நிலையம், சோதனை, காத்திருப்பு, தரையில் ஊர்வது, ஏறி இறங்குவது, பெட்டி வரக் காத்திருப்பது, அங்கிருந்து போகவேண்டிய இடம் எல்லாம் சேர்த்து 3 மணி நேரம் என்று வைப்போம். சிறிய நிலையங்களில் வரிசை குறைவு என்பதால் இதற்கு மேல் போட மனம் வரவில்லை. அதன் மேல் ஒவ்வொரு 500 கி.மீ.க்கும் ஒரு மணி நேரம்.

சாலைக்கு நிலையான செலவு ஏறத்தாழ இல்லை. ஆனால் சாலை நேர்கோட்டில் போவதில்லை. நேர்த்தூரத்தைவிட 20 முதல் 40 சதவிகிதம் கூடுதலாக இருப்பது வழக்கம். சாலைத் தூரம் 1.3 மடங்கு, சராசரி வேகம் 70 கி.மீ. என்றால், நேர்த்தூரக் கணக்கில் மணிக்கு 54 கி.மீ. மட்டுமே முன்னேறுகிறோம். இரண்டும் சமமாகும் இடம் சுமார் 180 கி.மீ. அதற்குக் கீழே சாலை வெல்லும். நல்ல விரைவுச்சாலை இருந்து, 1.2 மடங்கு தூரத்தை 100 கி.மீ. வேகத்தில் கடக்கலாம் என்றால் சமநிலை 300 கி.மீ.க்கு நகர்ந்துவிடும். நடுவே கடலோ மலையோ இருந்தால் இந்தக் கணக்கு முழுதும் கவிழ்ந்து, ஆர்க்னியில் போல 2.7 கி.மீ.க்கும் விமானம் நியாயமாகிவிடும்.

அரசுகளும் இந்தக் கணக்கைப் போடுகின்றன. பிரான்ஸ் 2023இல் நடைமுறைப்படுத்திய குறுந்தூர விமானத் தடையில் அளவுகோல் கிலோமீட்டர் அல்ல, ரயில் நேரம்: இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிந்தால் விமானம் கூடாது. பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன் ஆகிய மூன்று தடங்கள் அதன் வீச்சுக்குள் வந்தன.

இதெல்லாம் நேரடி விமானம் இருந்தால். தூரக் கணிப்பான்கள் சொல்லாமல் விடும் மிகப் பெரிய விஷயம் இதுதான். எந்த இரண்டு விமான நிலையங்களைக் கொடுத்தாலும் அவை தூரமும் நேரமும் தந்துவிடும். அந்தத் தடத்தில் விமானம் ஓடுகிறதா என்று பார்ப்பதில்லை. சிறிய நிலையங்கள் பெரும்பாலும் ஒரு பெரிய நகரத்தோடுதான் இணைக்கப்பட்டிருக்கும், ஒன்றோடொன்று அல்ல. 200 கி.மீ. இடைவெளியில் உள்ள இரு ஊர்களுக்கு இடையே, ஒரு பக்கம் 350 கி.மீ., மறுபக்கம் 420 கி.மீ. தள்ளியிருக்கும் பெருநகரத்தில் இறங்கி மாறவேண்டியிருந்தால், பறப்பது 770 கி.மீ. 500ஆல் வகுத்து 25 நிமிடம் கூட்டும் நம் சூத்திரப்படி இரண்டு பயணத்துக்கும் சேர்த்து 142 நிமிடம். மாறுவதற்கு ஒன்றரை மணி நேரம் விட்டாலே நான்கு மணி நேரத்தை நெருங்குகிறது. அதே 200 கி.மீ.யைச் சாதாரணச் சாலையில் நாலு மணி நேரத்துக்குள் ஓட்டிவிடலாம்.

நேரடி விமானம் இருந்தாலும், அது எந்தக் கிழமைகளில், நாளுக்கு எத்தனை முறை என்பதைப் பார்த்துவிட வேண்டும். நாளுக்கு ஒரே விமானம் காலையில் போய் உடனே திரும்பிவிடுகிறது என்றால், அங்கே இரண்டு மணி நேர வேலைக்காகப் போகிறவர் அன்றிரவு அங்கேயே தங்கவேண்டும். வாரத்துக்கு மூன்று நாள்தான் என்றால் இரண்டு இரவுகூட ஆகலாம்.